நெபுலா கீறிக் கீறி அலுத்துவிட்டது, கறுப்பு மணலில் வானம் செய்யலாமா?

கரிக்கோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளியில் இருந்து கீறுகிறவள். ஹோட்டல்களுக்குப் படம் கொடுப்பது, பின்னேரங்களில் பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பு, இதுதான் பிழைப்பு. சீசன் தொடங்கினால் வருகிறவர்கள் கேட்பது இரண்டே விஷயம், ஒன்று யானை, மற்றது கலக்சி. யானை பரவாயில்லை, யானைக்கு ஒரு முகமாவது இருக்கு. கலக்சி என்றால் பலகை முழுக்கக் கறுப்பு அடித்து, ஊதாவையும் நீலத்தையும் ஸ்பொஞ்சால் ஒற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வெள்ளையில் தோய்த்துப் பெருவிரலால் சுண்டி விட்டால் நட்சத்திரம் தயார். அரை மணித்தியால வேலை. விற்கும், வாங்கினவரும் சந்தோஷமாகப் போவார், எனக்கு மட்டும் கை கழுவும்போது ஏதோ கள்ள வேலை செய்த உணர்வு.

நான் செய்ய நினைப்பது வேறு. இந்த மண்ணும் எங்கள் உடம்பும் எங்கேயிருந்து வந்தது என்பதைப் பற்றி ஒரு தொடர் படங்கள், அதுவும் டியூப் பெயின்ற்றை நம்பாமல் குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் கரையில் வரிவரியாகக் கிடக்கிற கறுப்பு மணலை வைத்து. வாடை முடிந்த கையோடு குச்சவெளியில் பார்த்தேன், அலை ஏறி இறங்கின இடம் முழுக்கக் கறுப்புக் கோடுகள், வெயில் சரிவாகப் படும்போது உள்ளே ஓர் உலோக மினுக்கம். கையில் அள்ளினால் சாதாரண மணலைவிடப் பாரம். அந்த மணலில் உண்மையில் என்ன இருக்கு, அதை விண்மீனோடு முடிச்சுப் போடுவது என் கற்பனையா, பலகையில் ஒட்டினால் நிற்குமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாடைக்காற்று எழுதியது:

அக்கா கோபிக்கக் கூடாது. விற்கிற சாமானை விட்டுவிட்டு விற்காத சாமானுக்குப் பின்னால் போகிற வியாதி எங்கள் ஊர்க் கலைஞர் எல்லோருக்கும் இருக்கு. கலக்சிப் படத்தில் என்ன குறை? ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022 யூலையில் முதல் படங்களை வெளியிட்டபோது உலகமே வாயைப் பிளந்து பார்த்தது, அதைப் பார்த்து நாங்களும் கீறினால் என்ன கெட்டுப் போகும்? மணலை ஒட்டிவிட்டு, இது விண்மீனில் இருந்து வந்தது என்று பக்கத்தில் ஒரு கடுதாசி ஒட்ட வேண்டி வரும். கடுதாசி இல்லாவிட்டால் பார்க்கிறவனுக்கு அது வெறும் மணல். கடுதாசி இல்லாமல் நிற்காத படம் படமே இல்லை, இது என் கட்சி.

பழையசேர் எழுதியது:

மகள், நான் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன், கலை பற்றி அபிப்பிராயம் சொல்ல மாட்டேன், மணலைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தக் கறுப்பில் பெரும்பகுதி இல்மனைற். இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். அதோடு ரூட்டைல், சிர்க்கோன், கொஞ்சம் கார்னெற், மிகக் கொஞ்சம் மொனசைற். வெள்ளை மணல் என்பது குவார்ட்ஸ், தண்ணீரைவிட 2.65 மடங்கு அடர்த்தி. இல்மனைற் ஏறக்குறைய 4.7 மடங்கு. உனக்குக் கையில் பாரம் தெரிந்தது அதனால்தான். வாடைக்காலத்துப் பெரிய அலை ஏறி இறங்கும்போது இலேசான குவார்ட்சை இழுத்துக்கொண்டு போகும், பாரமானது கரையில் தங்கும், சுளகில் புடைக்கிற மாதிரி. வருடா வருடம் கடல் இதைச் செய்வதால்தான் புல்மோட்டையில் கனிய மணல் தொழிலே நடக்கிறது.

விண்மீன் தொடர்பு கற்பனை இல்லை. 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பில் உண்டானது ஐதரசன், ஹீலியம், துளியளவு லிதியம், அவ்வளவுதான். மற்ற மூலகங்கள் ஏறக்குறைய எல்லாமே பிறகு விண்மீன்களால் வந்தவை. ஒட்சிசன் பாரிய விண்மீன்களுக்குள்ளே உண்டாகிறது. இரும்பும் டைட்டேனியமும் பெரும்பாலும் விண்மீன்கள் வெடிக்கும்போது. கசியோப்பியா ஏ என்று ஒரு வெடிப்பின் மிச்சம் இருக்கு, ஏறக்குறைய 11,000 ஒளியாண்டுத் தூரம். அதில் கதிரியக்க டைட்டேனியம் 44 எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது என்று நாசாவின் நூஸ்டார் தொலைநோக்கி ஒரு வரைபடமே எடுத்தது, 2014 இல் வெளியானது. சமச்சீராகச் சிதறவில்லை, ஒரு பக்கம் கட்டி கட்டியாகப் போயிருக்கு. வரைபடத்தைத் தேடிப் பார், உனக்குப் பிடிக்கும்.

சிர்க்கோனில் உள்ள சிர்க்கோனியம் வந்த வழி வேறு. வயதுபோன செம்பூத விண்மீன்களுக்குள்ளே அணுக்கருக்கள் நியூத்திரனை ஒவ்வொன்றாக ஏற்று, அவசரமே இல்லாமல் உண்டாவது. மொனசைற்றில் உள்ள தோரியம் இதற்கு நேர் எதிர், நியூத்திரன் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவது போன்ற மூர்க்கமான இடத்தில் நொடிப்பொழுதில் பிறப்பது. ஆக ஒரு பிடி மணலில் மூன்று விதமான பிறப்பு கலந்து கிடக்கிறது. இதைக் கீற முடியுமா என்பது உன் பாடு.

ஒரு கண்டிப்பு. "நாமெல்லாம் நட்சத்திரத் தூசு" என்று எழுதிவிடாதே, இப்போது எல்லா ரீசேட்டிலும் அதுதான் இருக்கு. மனித உடம்பின் அணுக்களை எண்ணிப் பார்த்தால் பத்தில் ஆறு ஐதரசன். அது எந்த விண்மீனுக்குள்ளும் உண்டானதில்லை, பெருவெடிப்புக் காலத்துச் சாமான். எடைப்படி பார்த்தால் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

கரிக்கோடு எழுதியது:

சேர், இதைப் படித்துவிட்டு என் மேசையைத் திரும்பிப் பார்த்தேன். கலக்சிக்கு நான் சுண்டி விடுகிற வெள்ளை இருக்கே, அந்த டியூப்பில் டைட்டேனியம் வைற் என்றுதான் எழுதியிருக்கு. அதுவும் இந்த மணலில் இருந்து வருவதுதானா?

பழையசேர் எழுதியது:

ஓம். இல்மனைற்றையும் ரூட்டைலையும் இரசாயனமுறையில் சுத்திகரித்தால் கிடைப்பது டைட்டேனியம் ஈரொட்சைட்டு, தூய வெள்ளை. சுவர் பெயின்ற், பிளாஸ்ரிக், பற்பசை, எல்லாவற்றிலும் அது. எங்கள் கரையில் இருந்து மணலாகக் கப்பல் ஏறுகிறது, வெள்ளையை நாங்கள் டியூப்பிலும் வாளியிலும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

கரிக்கோடு எழுதியது:

அப்படியென்றால் எனக்கு முதல் படம் கிடைத்துவிட்டது. இரவுக்கு இல்மனைற், நட்சத்திரத்துக்கு டைட்டேனியம் வைற். கறுப்பும் வெள்ளையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். வேறு நிறமே வேண்டாம்.

@வாடைக்காற்று, ஜேம்ஸ் வெப் படத்தைக் குறை சொல்லவில்லை தம்பி. ஆனால் அந்த நிறம் யாரோ தெரிவு செய்த நிறம். 1995 இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த கழுகு நெபுலா என்ற வாயு மேகத்தின் தூண்கள் படம் எல்லோருக்கும் தெரியும், அதில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஐதரசனுக்குப் பச்சை, ஒட்சிசனுக்கு நீலம் என்று விஞ்ஞானிகள் பிரித்துக் கொடுத்தார்கள். கண்ணால் நேரே பார்த்தால் ஐதரசன் மேகம் பச்சையாகத் தெரியாது, சிவப்புப் பக்கம்தான். ஜேம்ஸ் வெப் பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு, அதற்கு எங்கள் கண்ணில் நிறமே கிடையாது. வாயு எங்கே என்ன இருக்கு என்று காட்ட அவர்கள் நிறம் கொடுத்தது சரி, அது அவர்களுடைய வேலை. அதைப் பார்த்து நான் ஊதா அடித்தால் நான் கீறுவது வானத்தை இல்லை, இன்னொருவர் போட்ட வரைபடத்தை.

வாடைக்காற்று எழுதியது:

பாட்டிக்கு முன்னால் யார் இட்டலி அவித்தது என்று கேட்கிற கதை இது. பாடப்புத்தகத்தில் படித்து வானத்தைக் கீறினால் மட்டும் உங்கள் சொந்த வானமா?

கிண்ணியா_நாநா எழுதியது:

தம்பி கேட்டது நியாயமான கேள்வி, ஆனால் பதில் புத்தகத்தில் இல்லை, கரையில் இருக்கு. நான் இரவில் படம் எடுக்கிறவன். நம்மூர் ஓவியங்களைப் பார்த்தால் எனக்கு உடனே தெரியும், இது இணையத்தில் ஐரோப்பியன் எடுத்த படத்தைப் பார்த்துக் கீறினது என்று. எப்படி? நட்சத்திரத் தடம் போட்டிருப்பார்கள், துருவ நட்சத்திரம் நடு உச்சியில், சுற்றிவர வட்டம் வட்டமாக. நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில். இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்தில் இருந்து எட்டரைப் பாகைதான் உயரம், கையை நீட்டிப் பிடித்தால் முஷ்டிக்குக் கிட்ட. பாதி நாள் கடல் புகாரில் தெரியவே தெரியாது. கிழக்கே கடலைப் பார்த்துக் கமராவை வைத்தால் நட்சத்திரங்கள் வட்டம் போடாது, ஏறக்குறைய நெட்டுக்குத்தாக மேலே ஏறும். அந்த நெட்டுக்கோடுகளை நான் வேறு யாருடைய ஓவியத்திலும் காணவில்லை.

இன்னொன்று, ஓரியன் விண்மீன் கூட்டம். வடக்கு நாட்டுக்காரன் படத்தில் அது நிமிர்ந்து நிற்கும். நிலாவெளிக் கரையில் அது கடலில் இருந்து பக்கவாட்டில் படுத்தபடி எழும்பும், இடப்பக்கம் திருவாதிரை சிவப்பாக, வலப்பக்கம் ரைகல் வெள்ளையாக. பிறையும் அப்படித்தான், இங்கே மல்லாந்து கிடக்கும். நோன்புப் பிறை பார்க்க நிற்கிற எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சரியாகக் கீறிக் காட்டும், ஆனால் எங்கள் வாழ்த்து மட்டைகளில் எல்லாம் நெட்டுக்குத்தான பிறை.

வைகாசியில் ஒன்பது மணி போல் தெற்கே பார்த்தால் தென்சிலுவை அடிவானத்துக்கு மேலே இருபது பாகை உயரத்தில் நிற்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் காலம், மழை இல்லை, பால்வீதியின் நடுப்பகுதி தெற்கே பாதி வானம்வரை ஏறும். லண்டனில் அந்தப் பகுதி அடிவானத்தோடு ஒட்டிப் போய்விடும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஏன் அடுத்தவன் வானத்தைக் கீற வேண்டும்?

லண்டன்_கோணமலையான் எழுதியது:

லண்டனை இழுத்ததால் வருகிறேன், உண்மைதான், இங்கே வானமே இல்லை. என் யோசனை, கோணேசர் கோயில் மலை, அதற்குப் பின்னால் பெரிய கலக்சி, நடுவில் நடராசர் ஆடுகிறார். ஜெனீவாவில் அணுத்துகள் ஆய்வு நடக்கிற சேர்ன் ஆய்வுகூட வளாகத்தில் 2004 முதல் நடராசர் சிலை நிற்கிறதே, இந்தியா கொடுத்தது. சிவதாண்டவமும் அணுக்களின் ஆட்டமும் ஒன்று என்பதை எங்கள் ஊரில் ஒருவர் கீறினால் இங்கே பத்துப் பேர் வாங்குவார்கள், நானே முதல் ஆள்.

கரிக்கோடு எழுதியது:

அண்ணா, ஆதரவுக்கு நன்றி. ஆனால் அந்தப் படம் ஏற்கெனவே ஆயிரம் காலண்டரில் இருக்கு. பின்னால் கலக்சி, முன்னால் சாமி, இரண்டையும் கணினியில் ஒட்டினால் போதும், அதற்கு நான் எதற்கு?

மட்டிக்களி_தங்கச்சி எழுதியது:

அக்கா, நான் உயர்தரப் பரீட்சைக்கு (ஏஎல்) சித்திரம் எடுக்கிறேன். நடராசர் இல்லாமல் திருவாதிரை நட்சத்திரத்தை மட்டும் செய்யலாமே? அது சிவனுடைய நட்சத்திரம், கோணேசருக்கும் பொருந்தும். 2019 கடைசியில் இருந்து 2020 தொடக்கம்வரை அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மங்கினது, வெடிக்கப் போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு பார்த்தால் அது தானே வெளியே தள்ளின வாயு குளிர்ந்து தூசாகி முகத்தை மறைத்ததாம். அந்தத் தூசுதானே பிறகு கோளாகவும் மண்ணாகவும் ஆகிறது? மார்கழித் திருவாதிரைக்கு மக்கள் மலைக்குப் போகிறார்கள், மேலே அந்த நட்சத்திரம் தூசு கக்குகிறது, இப்படி ஒரு படம்.

அதோடு 2019 டிசம்பர் 26, சூரியன் வளையமாகத் தெரிந்த கங்கண கிரகணம் அன்று எங்கள் முற்றத்தில் வேப்பமர நிழல் முழுக்கச் சின்னச் சின்ன வளையம் விழுந்தது. இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கமராவாக வேலை செய்ததாம். நான் சோக்கால் நிலத்தில் சுற்றிக் கீறினேன், அம்மா கிரகண நேரத்தில் வெளியே நிற்கிறாய் என்று ஏசினா.

வாடைக்காற்று எழுதியது:

தங்கச்சி, மார்கழித் திருவாதிரைக்கு மலைக்குப் போயிருக்கிறீர்களா? வாடை மழை கொட்டும், நட்சத்திரம் என்ன, முன்னால் நிற்கிற ஆளே தெரியாது. குடையைத்தான் கீற வேண்டும். ஆனால் அந்த வளையம் நல்ல விஷயம். அதற்குக் கடுதாசி தேவையில்லை, பார்த்தவுடன் பிடிக்கும்.

பழையசேர் எழுதியது:

குடை வைத்துக் கீறினால் அதுதான் உண்மையான படம் என்பேன், மேகத்துக்கு மேலே திருவாதிரை இருக்கத்தான் செய்கிறது.

கிண்ணியா_நாநா எழுதியது:

கடுதாசிச் சண்டை முடியாது போலிருக்கு. நான் ஒரு விஷயம் எழுதுகிறேன், படம் எடுக்கும்போது தலைக்குள் ஓடுவது. நட்சத்திர வெளிச்சம் புறப்பட்ட காலத்தையும் எங்கள் ஊர்க் காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்த்திகைக் கூட்டம் ஏறக்குறைய 440 ஒளியாண்டு, அதாவது வெளிச்சம் இங்கே வந்துசேர அத்தனை வருடம். இன்று கண்ணுக்கு வருகிற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பினபோது பழைய கோணேசர் கோயில் மலையில் முழுதாக நின்றது, போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளவில்லை. அகத்திய விண்மீன் ஏறக்குறைய 310, அது கிளம்பும்போது திருகோணமலைக் கோட்டை ஒல்லாந்தர் கையில். மகம் 79, இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, துறைமுகம் முழுக்க வெள்ளைக்காரன் கப்பல். உரோகிணி 65, எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் 1956 இல் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலையடியில் மூழ்கிக் கோயில் தூண்களைப் பார்த்த காலத்துக்குக் கொஞ்சம் பிந்தி. சுவாதி 37. திருவோணம் 17. அந்த இரண்டு காலத்திலும் இங்கே என்ன நடந்தது என்று இந்த இழையில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே வானத்தில், ஒரே இரவில், எல்லாக் காலத்து வெளிச்சமும் சேர்ந்து விழுகிறது. கார்த்திகையும் அகத்தியனும் உரோகிணியும் மாசி மாதத்து முன்னிரவில் ஒன்றாகவே நிற்கும்.

கொட்டியாரத்தான் எழுதியது:

அகத்திய விண்மீன் என்றதும் வந்தேன். மூதூர்ப் பக்கம் கங்குவேலியில் அகத்தியர் தாபனம் இருக்கு, தெரிந்தவர்களுக்குத் தெரியும். வயல் நடுவில் நின்று மாசியில் தெற்கே பார்த்தால் அந்த வெள்ளி தனியாக நிற்கும், சிரியசுக்கு அடுத்து இரவில் பிரகாசமான விண்மீன் அதுதான். டவுனில் நின்று பார்த்தால் இந்தச் சுகம் இல்லை.

கரிக்கோடு எழுதியது:

நாநா, இதைப் படித்துவிட்டுச் சமையலை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தொடர் இனி இதுதான். ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒரு பலகை, இல்மனைற் இரவு, ஒரு வெள்ளைப் புள்ளி, அந்த விண்மீன் எழும்புகிற சரியான சாய்வில். அடியில் மலையின் கோடு, அந்தந்தக் காலத்தில் மலையில் என்ன நின்றதோ அது. கார்த்திகைப் பலகையில் மட்டும் கோயில் தெரியும், ஆனால் அதை நான் இட்டுக்கட்டிக் கீற மாட்டேன், எப்படி இருந்தது என்று படம் இல்லை, அதனால் மணலை அந்த இடத்தில் தடிப்பாக மேடாக்கி விடுவேன், கையால் தடவினால்தான் தெரியும்.

பொற்கொல்லன்மகன் எழுதியது:

அக்கா, திருவோணமோ உரோகிணியோ ஏதாவதொரு புள்ளிக்குத் தங்க ரேக்கு வையுங்கள். 2017 ஆகஸ்ட் 17 இல் 13 கோடி ஒளியாண்டுத் தூரத்தில் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதின அதிர்வைப் பிடித்தார்கள், தங்கம் போன்ற பாரமான மூலகங்கள் அதில் உண்டாகிற அடையாளம் ஒளியிலும் தெரிந்தது. அப்பாவிடம் இதைச் சொன்னேன், "அப்போ தாலிக்கு செய்கூலி கூட்டலாம்" என்றார்.

கரிக்கோடு எழுதியது:

தங்கம் விற்கிற விலையில் ரேக்கு என்ன, அதன் நிழல்கூட வேண்டாம் தம்பி. அப்பாவுக்கு என் வணக்கம்.

புல்மோட்டையான் எழுதியது:

எல்லோரும் விண்மீனுக்குப் போய்விட்டீர்கள், மணலுக்கு வாருங்கள். அக்கா, கடற்கரையில் சாக்கோடு போய் அள்ளப் பார்க்காதீர்கள். புல்மோட்டை மணல் அரச நிறுவனத்தின் கையில் இருக்கு, மற்றக் கரைகளிலும் மண் எடுக்க அனுமதி வேண்டும், கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981 இல் இருந்து இருக்கு. ஒரு பிடிக்கு யாரும் பிடிக்க மாட்டார்கள் என்று சொல்வார்கள், ஆனால் நீங்கள் கேட்பது ஒரு பிடி இல்லை.

வழி வேறு இருக்கு. மகாவலி ஆற்று மணல். யாராவது வீடு கட்ட லொறியில் இறக்கின குவியலைப் பாருங்கள், நல்ல மழை ஒன்று பெய்த பிறகு குவியலின் அடியில் தண்ணீர் ஓடின தடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு படிந்திருக்கும். அது அதே கனிமம்தான், மலைநாட்டுப் பாறையில் இருந்து ஆறு கொண்டு வருவது. காசு கொடுத்து வாங்கின மணல், கேட்பாரில்லை. உப்பும் இல்லை. கடல் மணலை எத்தனை தரம் கழுவினாலும் கொஞ்சம் உப்பு மிஞ்சும், மாரியில் பலகை வியர்க்கும், ஒட்டு விடும்.

பிரிப்பதற்குப் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றினால் உள்ளே இருக்கிற காந்தம் நல்லது. ஸ்பீக்கர் காந்தம் இல்மனைற்றை இழுக்காது, பலம் போதாது. காந்தத்தை ஷொப்பிங் பைக்குள் போட்டு, காய்ந்த மணலுக்கு மேலே மெதுவாக ஓட்டுங்கள். கறுப்பு ஒட்டும். தட்டுக்கு மேலே கொண்டுபோய்ப் பைக்குள் இருந்து காந்தத்தை வெளியே இழுத்தால் மணல் தானாகக் கொட்டும். பை இல்லாமல் செய்தால் காந்தத்தில் இருந்து அதைச் சுரண்டி எடுக்க ஆயுள் போதாது.

மட்டிக்களி_தங்கச்சி எழுதியது:

காந்தம் என்றதும் ஞாபகம் வந்தது. கூரைத் தண்ணீர் வடிகிற இடத்தில் காந்தம் வைத்தால் விண்கல் தூசு கிடைக்கும் என்று படித்தேன். நோர்வேக்காரர் ஜோன் லார்சன் நகரத்துக் கூரைகளில் இருந்தே நிறையக் கண்டுபிடித்தார், 2017 இல் விஞ்ஞானிகளும் ஏற்றுக்கொண்டார்கள். அதை நட்சத்திரப் புள்ளியில் வைத்தால் நேரடியாக வானத்துச் சாமானே படத்தில் இருக்குமே?

பழையசேர் எழுதியது:

பிள்ளை, லார்சன் செய்தது உண்மை, ஆனால் எவ்வளவு குப்பையைப் பார்த்து ஒதுக்கினார் என்பதையும் படி. உருண்டையாகக் காந்தத்தில் ஒட்டுவதில் பெரும்பகுதி வெல்டிங் பொறி, கிரைண்டர் பொறி. நம்மூரில் இன்னும் மோசம், காற்றே கனிய மணலைக் கூரைக்குக் கொண்டு போகும். நுணுக்குக்காட்டியும் ஆய்வுகூடச் சோதனையும் இல்லாமல் விண்கல் என்று சொல்லி விற்றால் அது பொய். தேடிப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு, படத்தில் போடாதே. கையில் இருக்கிற மணலின் அணுக்களும் வானத்தில் இருந்து வந்தவைதான், 450 கோடி ஆண்டு முந்தி வந்து சேர்ந்தவை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கரிக்கோடு, உனக்கு முக்கியமான எச்சரிக்கை. மணலை அம்மியிலோ உரலிலோ போட்டு அரைத்து நிறமாக்கப் பார்க்காதே. மொனசைற்றில் தோரியம், கதிரியக்கம் உள்ளது. பலகையில் ஒட்டின சில மணிகளால் பெரிய ஆபத்து இல்லை, தூளாக்கிச் சுவாசித்தால்தான் பிரச்சினை, குவார்ட்ஸ் தூளும் நுரையீரலுக்குக் கூடாது. மணியை மணியாகவே ஒட்டு. சலிக்கும்போது மாஸ்க் போடு. வகுப்புப் பிள்ளைகளை இதில் விடாதே.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். சிர்க்கோன் மணிகள் சில, குறுகிய அலைநீளப் புறஊதா விளக்கில் மஞ்சளாக ஒளிரும். கடைக்காரர் நோட்டுப் பார்க்கிற டோர்ச் போதாது, அந்த விளக்கு கண்ணுக்குக் கூடாது என்பதால் கண்காட்சியில் வைக்கவும் ஏலாது. சும்மா தெரிந்து வைத்துக்கொள்.

கரிக்கோடு எழுதியது:

முதல் பலகை செய்துவிட்டேன், உரோகிணி. கீழே படம் போட்டிருக்கிறேன்.

செய்த விதம்: கான்வஸ் வேண்டாம் என்று விட்டேன், தொய்ந்தால் மணி உதிரும். தடித்த பிளைவூட், அதற்குக் கறுப்பு அக்ரிலிக் ஒரு பூச்சு, காய்ந்த பிறகு அக்ரிலிக் மீடியத்தைத் தடிப்பாகப் பூசி, ஈரத்தில் மேலே இருந்து தேயிலை வடியால் மணலைத் தூவினேன். அழுத்தவில்லை. மறுநாள் பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் ஒட்டாதது கொட்டும், அதைத் திரும்பப் பாவிக்கலாம். அந்த இடத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. மணிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து ஒட்டியிருக்கு, அதனால் பலகைக்கு முன்னால் நடந்தால் ஒரு மணி மின்னி அணையும், அடுத்த இடத்தில் இன்னொன்று. நின்று பார்த்தால் மொத்தக் கறுப்பு. நடந்தால்தான் வானம். அந்த மினுக்கத்துக்குள் நான் வைத்த வெள்ளைப் புள்ளி ஒன்றுதான் அசையாமல் நிற்கிறது. இதை நான் திட்டமிடவே இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். ரியூப் லைற்றுக்குக் கீழே படம் செத்துப் போகிறது. பக்கத்தில் இருந்து ஒரு ஒற்றை வெளிச்சம் வேண்டும். ஹோட்டல் வரவேற்பறைக்கு இது ஆகாது.

வாடைக்காற்று எழுதியது:

படத்தைப் பார்த்தேன் அக்கா. போனில் பார்த்தால் கறுப்புப் பலகையில் யாரோ ஒரு துளி வெள்ளைப் பெயின்ற் சிந்தின மாதிரிதான் இருக்கு, மன்னிக்கவும். நடந்தால் மின்னும் என்பது உண்மையானால் என் கடுதாசிக் கட்சிக்குப் பாதி பதில். மீதிப் பாதி, அது உரோகிணி என்றும் 65 ஒளியாண்டு என்றும் எனக்கு யார் சொல்வது?

கரிக்கோடு எழுதியது:

யாரும் சொல்ல வேண்டாம். பின்பக்கம் எழுதி வைப்பேன். வாங்குகிறவர் கழற்றிப் பார்த்தால் பார்க்கட்டும்.

லண்டன்_கோணமலையான் எழுதியது:

கார்த்திகைப் பலகை எனக்கு. விலை பிறகு கதைப்போம், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் இவ்வளவு பாரமான பலகை தபாலில் எப்படி வரும் என்றுதான் விளங்கவில்லை.

கொட்டியாரத்தான் எழுதியது:

அகத்தியன் பலகையின் அடியில் மலையைத் தெற்கே நின்று பார்க்கிறதாகக் கீறாதீர்கள். அந்த விண்மீன் தெற்கே நிற்பது, டவுனில் நின்று அதைப் பார்த்தால் மலை உங்களுக்கு முன்னால் வராது, கொட்டியாரக் குடாவும் மூதூர்க் கரையும்தான் வரும். நாங்கள் இருக்கிற பக்கம். படத்தில் எங்களையும் சேருங்கள்.

கரிக்கோடு எழுதியது:

சரியான பேச்சு. அந்தப் பலகையில் அடியில் குடாத் தண்ணீரும் அக்கரையும் மட்டும்தான், கோட்டை என் முதுகுப் பக்கம்.

கிண்ணியா_நாநா எழுதியது:

கரிக்கோடு, மற்ற விண்மீன்களின் எழும்பும் சாய்வைக் கணக்குப் போட்டுத் தருகிறேன், ஆனால் நேரே வந்து பார்த்துவிட்டுக் கீறுங்கள். அமாவாசையை ஒட்டின நாளில் நிலாவெளிக்கு வடக்கே, ஹோட்டல் வெளிச்சம் தாண்டின இடம். போனைப் பார்க்காமல் இருபது நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும், அதுதான் யாருக்கும் முடிவதில்லை. பலகையைப் படம் எடுப்பதற்கு, அறையை இருட்டாக்கி டோர்ச்சைப் பலகையின் இடது விளிம்புக்குக் கிட்டத் தாழ்வாகப் பிடியுங்கள். கமராவை அசைத்து வீடியோவாக எடுத்துப் போட்டால் வாடைக்காற்றுத் தம்பியின் வாயும் அடையும்.

வாடைக்காற்று எழுதியது:

வீடியோவை நம்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை உப்புவெளிப் பக்கம் வருகிறேன், நேரே காட்டுங்கள்.

கரிக்கோடு எழுதியது:

நாலு மணிக்குப் பிறகு வாருங்கள், அதுவரை பிள்ளைகளுக்கு வகுப்பு. வருகிற வழியில் யாராவது ஆற்று மணல் இறக்கியிருந்தால் கேட்டு ஒரு வாளி கொண்டு வாருங்கள், கார்த்திகைக்கு மேடு போட என்னிடம் மணல் காணாது.